எழுத்துக்கு முன்னால் ஒரு யு

பைத்தான் இரண்டாம் பதிப்பில் தமிழுக்காக நிரல் எழுதியவர்கள் விரலில் ஒரு பழக்கம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும். மேற்கோள் குறிக்குள் ஒரு தமிழ்ச் சொல்லைத் தட்டுவதற்கு முன்னால், குறிக்கு வெளியே சின்னதாக ஆங்கில யு ஒன்றைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே போவார்கள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் நுழைவதுபோல அது யோசிக்காமலே நடக்கும். யு என்றால் யூனிகோட். இங்கே வருவது ஒருங்குறி எழுத்து, வெறும் பைட் வரிசை அல்ல என்று கணினியிடம் முன்கூட்டிச் சொல்லிவைக்கும் அடையாளம். ஆங்கிலச் சொல்லுக்கு அது இல்லாமலே காரியம் நடந்தது. மூன்றாம் பதிப்பில் தமிழுக்கும் அது வேண்டியதில்லை. ஆனாலும் நேற்று இரவுகூட ஒன்றைத் தட்டியிருக்கிறேன். பார்த்த பிறகும் உடனே அழிக்க மனம் வரவில்லை.

2007-இல் வேலை கிடைத்துத் திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் குடியேறியபோது என் அறையில் இருந்தவை ஒரு கட்டில், கட்டிலுக்கு அடியில் ஒரு டிரங்குப் பெட்டி, சன்னலோரம் ரிச்சி தெருவில் பாகம் பாகமாக வாங்கிக் கோத்த ஒரு கணினி. உபுண்டு இயங்குதளக் குறுந்தட்டு அப்போது தபாலில் இலவசமாக வரும். அட்டை உறைக்குள் வந்த அந்தத் தட்டைக் கீழே வாட்ச்மேன் வாங்கிவைத்து, "தம்பி, வெளிநாட்டுலேர்ந்து உங்களுக்கு ஏதோ வந்திருக்கு" என்று மரியாதையோடு கொடுப்பார். அதைப் போட்டால் கூடவே பைத்தான் 2.5 வந்து உட்கார்ந்துகொள்ளும். இன்று ஒரு கட்டளையில் சில நொடிகளுக்குள் புதுப் பதிப்பு இறங்கிவிடுகிறது, நல்லதுதான். ஆனால் அந்த உறையைக் கிழிக்கும்போது இருந்த படபடப்பை, அலுவலகத்தில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிப் புரியவைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

நான் பைத்தான் மொழியைக் கற்றது பெரியப்பாவுக்காக. கும்பகோணம் பக்கம் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். வயல் வேலை செய்பவர்கள் வாயில் கேட்ட சொற்களையெல்லாம் துண்டுச் சீட்டில் எழுதிச் சேர்த்துவந்தார்: பரம்பு, தாளடி, கருக்காய், பதர், நாற்றங்கால், அண்டை வெட்டுதல். நான்காயிரம் சீட்டு சேர்ந்ததும் டிடிபி சென்டர் ஒன்றில் கொடுத்துத் தட்டச்சு செய்து, மூன்று ஃபிளாப்பியில் வாங்கிப் பீரோவில் புடவைகளுக்கு நடுவே பத்திரப்படுத்தினார். சில வருடம் கழித்து வீட்டுக்குப் புதுக் கணினி வந்தது. அன்று இரவு தொலைபேசியில் அவர் குரல் உடைந்திருந்தது. "டேய் தம்பி, என் சொல்லெல்லாம் இங்கிலீஷாப் போச்சுடா."

அவர் சொன்னது உண்மை. தட்டச்சு செய்தது பாமினி எழுத்துருவில். பாமினியில் 'தமிழ்' என்று தெரிவது, உள்ளே ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து ஆங்கிலத் தட்டல்கள்தான். அவற்றின் மேல் எழுத்துரு தமிழ் முகத்தைப் போர்த்தியிருந்தது. எழுத்துரு இல்லாத கணினியில் போர்வை விலகி, ஆங்கிலம் எட்டிப்பார்த்தது. அந்தக் காலத்தில் தமிழ் இப்படித்தான் வீட்டுக்கு வீடு வேறு போர்வையில் இருந்தது: பாமினி ஒன்று, டிஸ்கி ஒன்று, 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாடு முன்வைத்த டாப், டாம் என்று இரண்டு. ஒருவர் எழுதியதை இன்னொருவர் படிக்க, கடிதத்தோடு எழுத்துருவையும் சேர்த்து அனுப்ப வேண்டும்.

பெரியப்பாவின் சொற்களை ஒருங்குறிக்கு மாற்றத்தான் நான் முதல் நிரலை எழுதினேன். எழுத்துக்கு எழுத்து மாற்றினால் போதும் என்று நினைத்து உட்கார்ந்தவனைக் கொம்பு தடுத்து நிறுத்தியது. தட்டச்சுப் பொறியில் பழகிய கை, 'கொ' என்பதைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் அடிக்கும்: முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். ஒருங்குறி வாய் உச்சரிக்கும் வரிசையைக் கேட்கும்: முதலில் மெய், அதன் பின்னால்தான் குறி. ஆகவே முன்னால் நிற்கும் கொம்பைத் தூக்கிப் பின்னால் வைத்து, காலோடு சேர்த்து ஒரே குறியாக்க வேண்டும். மூன்று இரவு பிடித்தது. நாலாம் நாள் விடியற்காலை 'கொண்டக்கடலை' பிழையில்லாமல் திரையில் வந்தபோது, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த அறை நண்பனை எழுப்பிக் காட்டினேன். அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்து, "நல்லாருக்குடா, டீ சாப்பிடலாமா" என்றான். பைகிராஃப்ட்ஸ் சாலையில் அந்த நேரத்திலும் ஒரு கடை திறந்திருந்தது.

அந்த நிரலைத் திறந்த மூல உரிமத்தில் சோர்ஸ்ஃபோர்ஜில் போட்டேன். இரண்டு மாதத்தில் டொரண்டோவிலிருந்து ஒருவர் பழைய சிற்றிதழ்களை டிஸ்கியில் வைத்திருப்பதாக எழுதினார், யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் பாமினி அட்டவணையில் நான் விட்டுவிட்ட நாலு எழுத்தைச் சுட்டிக்காட்டினார். திருத்தங்கள் மின்னஞ்சலில் இணைப்பாக வரும். முதல் வரி எப்போதும் "அன்புடையீர், நலம்" என்று தொடங்கும். கடைசியில் மழை பெய்ததா, பொங்கலுக்கு ஊருக்குப் போனீர்களா என்று ஒரு விசாரிப்பு இருக்கும். இன்று கிட்ஹப்பில் ஒரு திருத்தம் வந்தால் சோதனைகள் தானாக ஓடி, பச்சை டிக் விழுந்து, இரண்டு நிமிடத்தில் சேர்ந்துவிடுகிறது. யாரும் மழையைப் பற்றிக் கேட்பதில்லை.

ஆனால் அன்றைய மொழிக்குள் ஓர் அநியாயம் இருந்தது. பைத்தானின் முதல் வெளியீடு 1991 பிப்ரவரியில் வந்தது. யூனிகோடின் முதல் பதிப்பு அதே ஆண்டு அக்டோபரில். அதாவது மொழி பிறந்த நாளில் உலக எழுத்துகளுக்கெல்லாம் பொதுவான எண் என்ற ஏற்பாடே இன்னும் கைக்கு வரவில்லை. எழுத்து என்றால் பைட், பைட் என்றால் எழுத்து. 2000-இல் இரண்டாம் பதிப்பு வந்தபோது ஒருங்குறியைத் தனி வகையாகப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். பழைய எழுத்துச் சரத்தையும் புதிய ஒருங்குறிச் சரத்தையும் ஒன்றாக ஒட்டினால், மொழி தானே நடுவில் புகுந்து, பழையது ஆஸ்கி என்று எண்ணிக்கொண்டு மாற்றிவிடும். ஆஸ்கியில் இருப்பது 128 எழுத்துகள். ஆங்கிலம் அதற்குள் அடங்கும். யூடிஎஃப்-8 குறிமுறையில் தமிழின் ஒவ்வொரு எழுத்துக்கும், அதன் மேல் சேரும் குறிக்கும், புள்ளிக்கும் தனித்தனியே மூன்று பைட். அந்த மூன்றில் முதலாவது எப்போதும் 224.

இதன் விளைவை அனுபவித்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஊர்ப்பெயரை ஒரு வரியோடு சேர்க்கும் நிரல், தஞ்சாவூரை ஆங்கிலத்தில் எழுதினால் வருடக்கணக்கில் சிக்கலில்லாமல் ஓடும். தமிழில் எழுதிய அன்று விழும். 'ஆஸ்கி கோடெக்கால் இந்த பைட்டை வாசிக்க முடியவில்லை, எண் 128-க்குள் இல்லை' என்று ஒரு சிவப்பு வரி வரும். பிழை நிரலில் முன்பே இருந்தது. ஆங்கிலம் அதை மூடிவைத்திருந்தது. நீளத்தைக் கேட்டாலும் இப்படித்தான். 'தமிழ்' என்ற சொல்லுக்கு எத்தனை எழுத்து என்று கேட்டால் பழைய சரம் 15 என்று சொல்லும். முன்னால் யு போட்டுக் கேட்டால் 5 என்று சொல்லும். இரண்டாம் வகுப்புப் பிள்ளை மூன்று என்று சொல்லும்.

அதற்கு நாங்கள் ஒரு குறுக்கு வழி வைத்திருந்தோம். சிஸ் என்ற தொகுதியில் இயல்புக் குறிமுறையை மாற்றும் ஒரு கட்டளை இருந்தது. நிரல் தொடங்கும்போதே மொழி அதை ஒளித்துவைத்துவிடும். தொகுதியை மறுபடி ஏற்றினால் கட்டளை திரும்பத் தெரியும். அதைப் பிடித்து இனி எல்லாம் யூடிஎஃப்-8 என்று இரண்டே வரியில் சொல்லிவிட்டால் சிவப்பு வரிகள் மாயமாகும். இதை யாரிடமிருந்து கற்றேன் என்று நினைவில்லை, பாட்டி வைத்தியம்போல ஒருவர் வாய் மாற்றி ஒருவர் சொல்லி வந்தது. செய்யக்கூடாத காரியம் அது, வேறு எங்கோ போய் வெடிக்கும். ஆனாலும் அந்த இரண்டு வரியைக் கண்டுபிடித்த இரவில் நாங்கள் சிரித்த சிரிப்பு பொய்யில்லை. ஒளித்துவைத்த சாவியை எடுத்துத் திறந்துபார்த்த பிள்ளைகள் நாங்கள்.

2008 டிசம்பர் 3-இல் மூன்றாம் பதிப்பு வந்தது. பைத்தானை உருவாக்கிய கீடோ வான் ராசமும் அவருடைய சகாக்களும் பழையதோடு பொருந்தாது என்று தெரிந்தே செய்த பதிப்பு. எழுத்து வேறு, பைட் வேறு; இரண்டையும் ஒட்டினால் நடுவில் யாரும் வரமாட்டார்கள், நீயே சொல், இல்லையென்றால் நிரல் நிற்கும் என்பது அதன் அடிப்படை. எல்லாச் சரமும் ஒருங்குறி. எங்களுக்காகவே செய்ததுபோல இருந்த அந்த மாற்றத்தை நாங்கள்தான் முதலில் ஓடிப்போய்ப் பிடித்திருக்க வேண்டும். பிடிக்கவில்லை. மேன்ஷன் அறையில் நண்பனும் நானும் அன்று பேசியதெல்லாம் பிரிண்ட்டைப் பற்றி. பிரிண்ட் என்று எழுதி, ஓர் இடம் விட்டு, சொல்ல வேண்டியதை எழுதினால் போதும் என்று இருந்தது, பேசுவதுபோல இருக்கும். இனி அடைப்புக்குறிக்குள் வைத்தால்தான் அச்சாகும் என்றார்கள். இருபது வயதில் அந்த அடைப்புக்குறி எங்கள் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிந்தது. எழுத்துக்கு நியாயம் கிடைத்தது தெரிய இன்னும் வயது வேண்டியிருந்தது.

2010-இல் இரண்டாம் வரிசையின் கடைசிப் பதிப்பாக 2.7 வந்தது. தமிழக அரசு ஒருங்குறியைத் தன் தரமாக ஏற்றதும் அதே ஆண்டுதான். 2012-இல் டூ-டு-த்ரீ என்ற மாற்றுக் கருவியை எங்கள் நிரல்மேல் ஓட்டிப் பார்த்தேன். பிரிண்ட்டுக்கெல்லாம் அடைப்புக்குறி போட்டுக் கொடுத்தது, அகராதியில் சொல் இருக்கிறதா என்று கேட்கும் பழைய கேள்விகளைப் புது நடைக்கு மாற்றியது. ஆனால் இந்த மாறிக்குள் இருப்பது எழுத்தா பைட்டா என்பதை அது எப்படிச் சொல்லும்? அதை எழுதியவன் சொல்ல வேண்டும். டிஸ்கிக் கோப்பிலிருந்து வருவது பைட், பெரியப்பாவின் சீட்டிலிருந்து வருவது எழுத்து என்று 2007-இல் நான் பிரித்து நினைத்ததே இல்லை; நினைக்கச் சொல்லி மொழி கேட்கவும் இல்லை. ஆறாயிரம் வரியை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும் என்று புரிந்ததும் மூடிவைத்தேன்.

பிறகு சில வருடம் ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். இரண்டையும் மூன்றையும் பெருக்கினால் ஆறு என்பதால் சிக்ஸ் என்று பெயர் வைத்த ஒரு நூலகம் இருந்தது. அதை வைத்து ஒரே நிரலை இரண்டு பதிப்பிலும் ஓட்டினோம். யு குறியை முதலில் மூன்றாம் பதிப்பிலிருந்து எடுத்திருந்தார்கள்; என்னைப் போன்றவர்கள் இரண்டு பக்கமும் வாழ வழி வேண்டும் என்று 3.3-இல் திரும்பக் கொடுத்தார்கள். அதைப் படித்த அன்று எனக்கு ஏனோ கண் கலங்கியது. 2015-இல் முடிய வேண்டிய 2.7-இன் ஆயுளை 2020 வரைக்கும் நீட்டினார்கள். எங்களைப் போன்ற சிறு குழுக்களுக்குக் கிடைத்த அந்த ஐந்து வருடத்தில் நான் கல்யாணம் செய்துகொண்டேன், வேளச்சேரிக்குக் குடிபோனேன், மகள் பிறந்தாள். 2017-இல் பெரியப்பா போய்ச் சேர்ந்தார்.

2019-இல் மகள் தூங்கிய பிறகு, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து வேலையைத் தொடங்கினேன். முதலில் உடைந்தது வகுத்தல். சொற்பட்டியலின் நடுவைப் பிடித்துத் தேடும் ஒரு பகுதி இருந்தது. ஏழை இரண்டால் வகுத்தால் பழைய பதிப்பு மூன்று என்று சொல்லும். புதியது மூன்றரை என்று சொல்லும். மூன்றரையாவது சொல் என்று ஒன்று பட்டியலில் கிடையாது. ஒரு சாய்கோட்டுக்குப் பக்கத்தில் இன்னொன்றைச் சேர்த்ததும் அது சரியாயிற்று.

என்னை உட்காரவைத்தது அகர வரிசை. ஒருங்குறி அட்டவணையில் நவுக்கு அடுத்து ன நிற்கும், ரவுக்கு அடுத்து ற நிற்கும். எண் வரிசையில் அடுக்கினால் பனை முன்னால் வரும், பயிர் பின்னால் போகும். பெரியப்பா அதை ஒருநாளும் ஏற்கமாட்டார். அதனால் நெடுங்கணக்கின்படி ஒப்பிடும் ஒரு செயற்கூறை 2007-இல் எழுதியிருந்தேன். பழைய பதிப்பு இரண்டு சொற்களை என் கையில் கொடுக்கும். எது முந்தையது என்று நான் சொல்வேன். பள்ளிக்கூட மைதானத்தில் இரண்டு பையன்களை முதுகோடு முதுகு நிறுத்தி யார் உயரம் என்று பார்ப்பாரே பி.டி. வாத்தியார், அதுபோல ஒவ்வொரு ஜோடியாக. மூன்றாம் பதிப்பு அந்த வழியை எடுத்துவிட்டது. பழைய செயற்கூறை அப்படியே மடித்து உள்ளே அனுப்ப ஓர் உறை கொடுத்திருக்கிறார்கள், அதைப் பயன்படுத்தியிருக்கலாம். ஆனால் புதிய வழி என்ன கேட்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். ஒவ்வொரு சொல்லுக்கும் அதன் உயரத்தை ஒரே ஒருமுறை அளந்து சட்டைப்பையில் எழுதிக் கொடுத்துவிடு, பிறகு நான் நிறுத்திக்கொள்கிறேன் என்கிறது. அதுதான் சரி. பனை, ப-வின் எண்ணையும் னை-யின் எண்ணையும் எடுத்துக்கொண்டு தானே போய்த் தன் இடத்தில் நிற்கும். எழுதி ஓட்டியபோது நான்காயிரம் சொல்லும் கண் மூடித் திறப்பதற்குள் வரிசையில் நின்றன. வேகமாக இருந்தது, தெளிவாக இருந்தது. ஜோடி ஜோடியாக நிறுத்திப் பார்த்த பழைய செயற்கூறை அழித்துவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்து போனேன், திரும்பி வர நேரமாயிற்று.

விண்டோஸில் வந்த சிக்கல் வேறு விதம். புதுப் பதிப்பை வெளியிட்ட மறுவாரம் ஒரு பள்ளி ஆசிரியர் எழுதினார்: கோப்பைத் திறந்தால் 141 என்ற பைட்டை வாசிக்க முடியவில்லை என்று வருகிறது. எங்கும் ஒருங்குறி என்று நம்பி வந்தவனுக்கு அது புரியவில்லை. பிறகுதான் தெரிந்தது, குறிமுறையைச் சொல்லாமல் கோப்பைத் திறந்தால் விண்டோஸ் தன் பழைய மேற்கத்திய அட்டவணையை எடுத்துக்கொள்ளும். அந்த அட்டவணையில் காலியாக விட்ட ஐந்து இடங்களில் ஒன்று 141. தமிழில் அந்த எண் எங்கே வருகிறது என்று தேடினேன். 224, 175, 141: புள்ளி. மெய்யெழுத்தின் தலையில் வைக்கும் புள்ளி. 'மர' என்று இருந்தால் சத்தமில்லாமல் குப்பையாக மாறிப் போய்விடும். 'மரம்' என்று இருந்தால் கடைசிப் புள்ளியில் நிரல் நிற்கும். தவறான அட்டவணையில் தன்னைப் படிக்க விடாமல் தடுத்து நிறுத்தியது புள்ளிதான் என்று நினைத்தபோது அதன் மேல் மரியாதை வந்தது. கோப்பு திறக்கும் ஒவ்வொரு வரியிலும் யூடிஎஃப்-8 என்று எழுதிச் சேர்த்தோம். 3.15 பதிப்பிலிருந்து அதுவே இயல்பாகும் என்று முடிவு செய்திருக்கிறார்கள்.

2020 ஜனவரி முதல் தேதியோடு இரண்டாம் பதிப்பின் பராமரிப்பு முடிந்தது, ஏப்ரலில் 2.7.18 என்று கடைசியாக ஒன்று வந்து நின்றது. எங்கள் நிரல் அந்தப் பொங்கலுக்குள் மாறிவிட்டது. இப்போது நான் எழுதுவதைவிட மற்றவர்கள் எழுதுவதுதான் அதிகம். திருநெல்வேலியில் படிக்கும் ஒரு மாணவி போன வருடம் வந்து சேர்ந்தாள். அவள் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கிறாள்: சொல், எழுத்து, நீளம். மூன்றாம் பதிப்பு அதை ஏற்கிறது. மேன்ஷன் அறையில் அது கிடைத்திருந்தால் நாங்கள் இரவெல்லாம் பெயர் வைத்துக்கொண்டே இருந்திருப்போம். அவளுக்கு அது சாதாரணம். சாதாரணமாக இருக்கட்டும்.

போன வாரம் அவள் அழைத்தாள். "அண்ணா, லென் போட்டா தமிழுக்கு அஞ்சுன்னு வருது. மூணுதானே வரணும்?"

"மொழி குறியையும் புள்ளியையும் தனித்தனியா எண்ணும்மா. நம்மதான் சேர்த்து எண்ணணும். எழுத்துகள்னு ஒரு ஃபங்ஷன் இருக்கும் பாரு."

அது 2007-இல் எழுதிய பதினோரு வரி. ஓர் எழுத்தை எடு. அது உயிர்மெய்க் குறியோ புள்ளியோ என்றால் முந்தைய எழுத்தோடு ஒட்டு, இல்லையென்றால் புதிதாக வை. அவ்வளவுதான். ஆறாயிரம் வரியில் அந்தப் பதினொன்று மட்டும் இரண்டு பதிப்பிலும் ஒன்றுபோல ஓடியது, அதனால் யாரும் கை வைக்கவில்லை. அவள் படித்துவிட்டு, "இதுல ஏண்ணா ஒவ்வொரு எழுத்துக்கும் முன்னாடி யு இருக்கு?" என்று கேட்டாள். சொன்னேன். பெரியப்பாவில் தொடங்கி, ஃபிளாப்பி, பாமினி, 224 எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

இரவு அவளிடமிருந்து ஒரு திருத்தம் வந்திருந்தது. சிவப்பு வரியில் யு இருந்தது, அதற்குக் கீழே பச்சை வரியில் இல்லை. மற்றபடி இரண்டும் ஒன்றே. சோதனைகள் ஓடத் தொடங்கியிருந்தன. சோதனைக்கு வைத்திருப்பது பெரியப்பாவின் பட்டியல்தான். எங்கோ ஒரு கணினியில் கருக்காயும் பதரும் பரம்பும் மறுபடி எண்ணப்பட்டு, வரிசையில் நிறுத்தப்பட்டு, பச்சை டிக் விழுந்தது. திருத்தத்தின் குறிப்பில் அவள் எழுதியிருந்தாள்: "யு எடுத்தாச்சு அண்ணா. இங்க நல்ல மழை." சேர்க்கும் பொத்தானை அழுத்திவிட்டு, சென்னையிலும் தூறுகிறது என்று பதில் எழுதினேன்.